பூவானியாளின் பெயர்

ஆனி பிறந்து, மேற்கு மலையில் சாரல் இறங்கி, வாய்க்காலில் செந்தண்ணீர் வந்து, பண்ணை வீட்டு முற்றத்தில் காயப்போட்ட வற்றலை எல்லாம் வாரி உள்ளே கொண்டுபோகிற நாட்களில் ஒன்றில், காலைப் பலகாரத்துக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவே, எங்கள் நெடுங்கரைக்கு எமனுடைய ஆள் வருவார். தாழங்குடை பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நல்ல கறுப்பில் ஒரு எருமைக்கடாவைக் கயிற்றில் பிடித்தபடி வந்து, வடக்குத் தெரு முக்கில் நின்று, இடுப்பில் செருகிய ஓலை நறுக்கை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழல்வாய்மொழீ..." என்று மூன்று முறை நீட்டிக் கூப்பிடுவார். ஒருத்தரும் வரமாட்டார்கள். நாற்பத்தேழு வருஷம் இப்படி நடந்தது.

மற்றவர்களுக்காகவும் அவர் வந்து போவார்தான். "சுடலைமுத்து" என்று கூப்பிட்டால் சுடலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டே "யாருய்யா அது" என்று வெளியே வருவான், வந்தவன் அப்படியே போய்விடுவான், அரை நாழிகை வேலை. அவருக்கு இருந்தது சின்னச் சட்டம். ஓலையில் பெயரும் ஊரும் இருக்கும். கூப்பிட்ட பெயருக்கு அந்த ஆளே பதில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட இருக்கிறவர்கள் இன்னார்தான் என்று காட்டித்தர வேண்டும். அவரிடம் பொய் சொல்ல முடியாது. கீழத்தெரு இசக்கி, தன் தம்பி ஊரில் இல்லை என்று சொல்லப்போய், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எட்டு நாள் கஞ்சிகூடக் குடிக்க முடியாமல் கிடந்தான். ஆகவே ஊரில் எல்லோரும் அவரிடம் உண்மையைத்தான் பேசினார்கள். உண்மையைப் பேசியும் குழல்வாய்மொழி அகப்படவில்லை, ஏனென்றால் அப்படி ஒருத்தி நெடுங்கரையில் இருப்பது சத்தியமாக யாருக்கும் தெரியாது.

இருந்தாள். ஊருக்கே பெரிய வீட்டில், நான்கு முற்றமும் ஏழு நெல்குதிரும் உள்ள பண்ணை வீட்டில், ஊரிலேயே பெரிய மனுஷியாக இருந்தாள். கும்பினிக்காரன் காலத்தில் ஒன்பது வயதில் மேலப்பூவானியிலிருந்து பல்லக்கில் வந்து இறங்கினவள். வந்து இறங்கின அன்றைக்கே மாமியார் அவளைப் "பூவானியாள்" என்று கூப்பிட்டாள், மருமகளைப் பிறந்த ஊர்ப் பெயரால் கூப்பிடுவதுதான் அந்த வீட்டு மரியாதை. புருஷன் "இந்தா" என்றார், கோபமாக இருந்தால் "ஏய்" என்றார். கொழுந்தன்மார் மதினி என்றார்கள். பிள்ளை பிறந்ததும் அம்பலவாணன் அம்மை ஆனாள், மாமியார் போய்ச் சாவிக்கொத்து இடுப்புக்கு வந்ததும் பண்ணையம்மா ஆனாள், பேரன் பேத்தி எடுத்ததும் ஆச்சி ஆனாள். மரியாதை ஏற ஏற அவளுடைய பெயர் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு இருந்தவர்கள் பொங்கல் சீர் கொண்டுவருகிற தாயாரும் தமையனும்தான், ஒரு வாந்திபேதி வருஷத்தில் ஒரே வாரத்தில் அவர்கள் இருவரும் போனார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.

மற்றப் பெண்களுக்கும் இந்தக் கதிதானே என்றால், முழுக்க அப்படி இல்லை. தெருவில் யாருக்காவது ஒரு அக்காவோ, சித்தியோ, வாய் கொழுத்த நாத்தியோ மிச்சம் இருந்து பெயரைச் சொல்லிவிடுவார்கள். பண்ணை வீட்டில் சாணி தெளிக்கிற மாடத்தி இதைப் பற்றி ஒருதடவை வாய்விட்டே சொன்னாள். "எங்களுக்கு அந்தக் கொடுப்பின கெடையாது நாச்சியாரே. காடு கழனியெல்லாம் எங்க பேரச் சொல்லித்தான் ஏசுதாவ. அவரு வந்தா ரெண்டாந்தடவ கூப்பிட வேண்டியிருக்காது." பூவானியாள் அன்றைக்கு மாடத்திக்கு இரண்டு மரக்கால் நெல் கூடுதலாக அளந்து போட்டாள்.

அவர் முதல்முதலாக வந்தபோது பூவானியாளுக்கு அறுபது வயது. பின்கட்டில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கொட்டையை எடுத்துக்கொண்டே கேட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கை நின்றுவிட்டது. மூன்றாவது தடவைக்கு, மேலப்பூவானியில் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஒரு சின்னப்பிள்ளை அவளுக்குள்ளிருந்து "ஏன்?" என்று கேட்க வாயைத் திறந்துவிட்டது. அதற்குள் முன்கட்டில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் வயிரவநாதப் பிள்ளை, கட்டி ஐம்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தினவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்க வீட்ல அப்படி யாரும் கெடையாது, நீரு வேற தெருவுல பாரும்" என்றார். அவர் நாக்கு எங்கேயும் ஒட்டவில்லை. அவ்வளவு உண்மையாகச் சொன்னார்.

நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆம்பிளைகள் சொன்னதைத் தெருவில் வைத்து மறுத்துப் பேசுவதில்லை. பூவானியாளும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு மறுபடியும் புளியங்கொட்டையை எடுக்கத் தொடங்கினாள், ஆனால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. எமன் வந்து தேடுகிறான் என்ற பயம் அவளுக்குத் துளியும் இல்லை. இருபத்தொன்பது வருஷம் கழித்து ஒருத்தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டானே என்ற சந்தோஷம்தான் இருந்தது. அடுத்த ஆனி எப்போது வரும் என்று அன்றைக்கே நாளை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த ஆனியில் அவர் வந்தபோது குளித்து, நல்ல சேலை உடுத்தி, முன்கட்டு அழிக்கம்பிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். மூன்று தடவை கேட்டாள். அதற்கடுத்த வருஷம் மூன்று தடவை போதாதென்று தோன்றவும் ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்பி, வெயிலில் தொண்டை வறண்டிருக்கும், குடித்துவிட்டுத் தெற்குத் தெருவிலும் ஒருதரம் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். தெற்குத் தெருவில் கூப்பிட்டால் பண்ணை வீட்டுக் கொல்லையில் நன்றாகக் கேட்கும். பிறகு கீழத்தெருவில் கூப்பிடச் சொன்னாள். பிறகு ஆற்றங்கரைப் படித்துறையில் பெண்கள் நிற்பார்கள், அங்கேயும் கேட்டுப் பார்ப்பதுதானே என்றாள். அவர் போகாத இடமில்லை. அந்த மனுஷர் தொண்டை கட்டிப்போய்ச் சாயங்காலம் ஊரை விட்டுப் போகையில், இவள் பாயில் சாய்ந்து இன்றைக்குப் பதினெட்டு, இன்றைக்குப் பத்தொன்பது என்று விரலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

ஒருதடவை அவர் நேரடியாகவே வந்து அழிக்கம்பிக்கு வெளியே நின்று, இந்த வீட்டில் பெண்டுபிள்ளைகள் யார் யார் என்று அவளையே கேட்டுவிட்டார். பூவானியாள் கொஞ்சமும் அசரவில்லை. "இங்க பூவானியாள்னு ஒருத்தி இருக்கா. அம்பலவாணன் அம்மைன்னு ஒருத்தி இருக்கா. பண்ணையம்மான்னு ஒருத்தி, ஆச்சின்னு ஒருத்தி. நீரு சொல்லுத குட்டிய நான் பாத்து ரொம்ப வருசம் ஆச்சுய்யா" என்றாள். இதில் ஒரு சொல் பொய் கிடையாது. அவர் நான்கு பேரையும் ஓலையின் ஓரத்தில் கீறிக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி போனார்.

ஊர் அவரை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருஷம் கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் வருஷம் பிள்ளைகள் கடாவுக்குப் புல் கொடுத்தன. ஐந்தாம் வருஷம் கோனார் ஒருவர் அந்தக் கடாவின் லட்சணத்தைப் பார்த்து மயங்கி, அவர் கூப்பிட்டு முடிக்கிற வரையில் தன் எருமைகளோடு கட்டிக்கொள்ள உத்தரவு கேட்டார், அதிலிருந்து எங்கள் ஊர் எருமைக் கன்றுகளுக்குச் சந்தையில் தனி மதிப்பு. பிறகு ஆட்கள் அவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். கீழத்தெரு இசக்கியே வெட்கத்தைவிட்டு வந்து, போன வருஷம் போன எங்க ஐயா மம்பட்டியை எங்கே வைத்தார் என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லும் என்றான். மறு ஆனியில் பதில் வந்தது. மாட்டுக்கொட்டில் பரணில், இடதுபக்கம். மம்பட்டி அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சத்திரத்தில் சாப்பாடு, பாய், வெற்றிலை எல்லாம் ஊர்ச் செலவு.

பத்து வருஷத்தில் அந்த நாளுக்குக் கூப்பிடு நாள் என்று பெயராகிவிட்டது. வளையல்காரர் வந்தார், பொரிகடலைக்காரர் வந்தார், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அவர் கூப்பிட்டு முடிந்ததும் ஊரே சேர்ந்து ஒருமுறை கூப்பிடும், உதவியாக இருக்கட்டும் என்று. யார் அந்தக் குழல்வாய்மொழி என்பதில் மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அபிப்பிராயம். ஊர் மாறி வந்த ஓலை என்றார் மணியக்காரர். அது குற்றாலத்து அம்பாள் பெயரல்லவா, நீர் கோயிலில் போய்த்தான் கேட்க வேண்டும் என்றார் ஜோசியர். எமனுடைய ஆள் பாவம், போய்ப் பார்த்துவிட்டு, அந்த வாசலுக்குள் தனக்கு அதிகாரம் இல்லை என்று திரும்பி வந்து சொன்னார். ஒருத்தராவது, நான்கு முற்றத்து வீட்டில் நாலு தலைமுறைக்குச் சோறு போடுகிறவளுக்கு அப்பனும் ஆத்தாளும் ஒரு பெயர் வைத்திருப்பார்களே என்று யோசிக்க வேண்டுமே, இல்லை. நானும் அந்த ஊர்க்காரன்தான், எனக்கும் தோன்றியிருக்காது.

வயிரவநாதப் பிள்ளையை அவர் ஒரு மார்கழியில் வந்து கூப்பிட்டார். அந்தப் பெயருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அதற்குப் பிறகு "எங்க வீட்ல அப்படி யாரும் கெடையாது" என்று சொல்கிற பொறுப்பு மூத்த மகன் அம்பலவாணப் பிள்ளைக்கு வந்தது. அவர் அதைத் தகப்பனார் விட்டுப்போன கௌரவமாக எடுத்துக்கொண்டார். கூப்பிடு நாளன்று அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வாசல் நடையில் நின்று, மூன்றாவது கூப்பாடு முடிந்ததும் கையைக் கூப்பி அந்த வாசகத்தைச் சொல்வார். தாது வருஷப் பஞ்சத்திலும் சொன்னார், தன் மனைவி போன வருஷமும் சொன்னார், தலை நரைத்தும் சொன்னார், பல் போனதும் குழறிக் குழறிச் சொன்னார். அழிக்கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தாயாருக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு வருஷத்துக்கு வருஷம் அந்த வாசகம் அவளுக்கு எங்கேயோ குத்தியது. ஜனங்களைக் கணக்கெடுக்க வந்த சர்க்கார் ஆள் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டபோது, அவ்வளவு பெரிய மனுஷிக்குப் பெயர் எதற்கு, பண்ணையார் தாயார் என்று போட்டுக்கொள்ளும் என்று இதே மகன் பெருமையாகச் சொன்னதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நூற்றாறாம் வயதில் அவளுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, காது அதைவிட நன்றாகக் கேட்டது, முறுக்கைக் கடித்துத் தின்றாள். அந்த வருஷம் கொள்ளுப்பேரன் கோமதிநாயகம் சாத்தூர்ப் பக்கம் பெண் கட்டினான். வந்தவளைச் சாத்தூராள் என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு ஆவுடைத்தங்கம் என்று பெயர், மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், அந்த வீட்டுக்கு எழுத்துத் தெரிந்து வந்த முதல் மருமகள். ஆவணியில் வந்தாள், வைகாசியில் மசக்கை, அது பலமாக இருந்ததால் வளைகாப்புக்குக் காத்திராமல் அடுத்த ஆனிக்கு முன்னாலேயே பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக வந்துவிட்டார்கள். அதனால் கூப்பிடு நாள் என்ற ஒன்றை அவள் கண்ணால் பார்க்கவில்லை, எமனுடைய ஆள் தேடுகிற பெயரை மற்ற மாதங்களில் யாரும் வாயில் எடுப்பதில்லை என்பதால் காதாலும் கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று பூவானியாள் அவளைக் கையைப் பிடித்து, பாத்திரம் பண்டம் அடுக்கியிருக்கிற அரங்குக்குள் அழைத்துப்போய், வழியில் தண்ணீர் குடிக்க வைத்துக்கொள் என்று ஒரு செம்பை எடுத்துக் கொடுத்தாள். கல்யாணச் சீராக மேலப்பூவானியிலிருந்து வந்த செம்பு. சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம், அந்தப் பெயர் தொண்ணூற்றேழு வருஷமாக அதன் கழுத்தில் இருந்தது. வாரா வாரம் அதைப் புளிபோட்டுத் தேய்த்த பெண்களுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்த ஆண்கள் பாத்திரம் கழுவுகிற பக்கம் வரமாட்டார்கள். ஆவுடைத்தங்கம் செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் தடவி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். வீட்டுக்குள் ஒரு மனுஷக் குரல் அந்தப் பெயரைச் சொன்னது. பூவானியாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யார் பேரு ஆச்சி இது? நல்லாருக்கே" என்று கேட்டாள் பெண்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பத்தாறு வருஷம் எமனோடு விளையாடிப் பழகிய வாய், இந்தச் சின்னவளோடும் கொஞ்சம் விளையாடிப் பார்ப்போம், பிள்ளை பெற்று வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டது. "யாரோ ஒருத்தி. இந்த வீட்ல இருந்தா" என்று சிரித்துவிட்டு அனுப்பிவைத்தாள்.

தையில் பெண்குழந்தை பிறந்து, பெயர் வைக்கிற நேரத்தில் நெடுங்கரையில் அம்மை விளையாடிக்கொண்டிருந்தது. அம்மை கண்ட ஊரிலிருந்து விசேஷத்துக்குப் போகக்கூடாது என்பதால் பண்ணை வீட்டிலிருந்து ஒருத்தரும் போகவில்லை. சாத்தூரில் அவர்களாகவே தொட்டில் போட்டார்கள். என்ன பெயர் என்று யோசித்தபோது பெற்றவளுக்குச் செம்பு நினைவுக்கு வந்தது. புகுந்த வீட்டின் பழைய பெயர், இனிப்பாகவும் இருந்தது, நேரில் போய்ச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டாரும் சந்தோஷப்படுவார்கள் என்று குழந்தையின் காதில் மூன்று தடவை அதையே சொன்னார்கள்.

ஐந்தாம் மாதம், ஆனி பிறந்து நாலாவது நாள், ஆவுடைத்தங்கம் பண்ணை வீட்டு வாசலில் வண்டியிலிருந்து குழந்தையோடு இறங்கினாள். ஆலத்தி எடுத்து, எச்சில் தொட்டுப் பொட்டு வைத்து, ராசாத்திக்கு என்ன பேரு என்று பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் வாய் நிறையச் சொன்னாள். ஆலத்தித் தட்டைப் பிடித்திருந்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை, தெரியாமல் செய்தவளை என்னவென்று திட்டுவது. ஒருத்தி மெள்ள உட்கார்த்திவைத்து, கூப்பிடு நாள் என்பது என்னவென்று எடுத்துச் சொன்னாள். ஆவுடைத்தங்கம் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

பெயரை மாற்றலாம் என்றார்கள், காதில் சொன்ன பெயரைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றார் ஜோசியர். சாத்தூருக்கே திருப்பி அனுப்பலாம் என்று வண்டியைப் பூட்டினார்கள், ஆற்றில் வெள்ளம் வந்து ஓடம் நின்றுபோயிருந்தது. இதற்குள் ஊருக்கெல்லாம் சேதி தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த மனுஷருக்கு உதவி செய்யத் துடித்த ஊர், இப்போது ஆள் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தது. வளையல்காரரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பூவானியாள் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஓலை தீர்ந்துபோகும், அப்புறம் அவளைத் தேடி எவரும் வரமாட்டார்கள், முறுக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் நூறு வருஷம் இருக்கலாம். அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வாழ்வு அவளுக்கு ருசியாகத்தான் இருந்தது. எழுந்துபோய்க் கூடத்தில் தூங்குகிற குழந்தையை ஒருதரம் பார்த்தாள். தன் பெயர் ஒரு சின்ன உடம்போடு படுத்திருப்பதைப் பார்த்தபோது, விளையாட்டு தன்னால் எங்கே வந்து நிற்கிறது என்று வெட்கமாக இருந்தது. திரும்பிவந்து பெட்டியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து வைத்தாள்.

அவர் மூன்றாம் நாள் வந்தார். தெருவில் ஆளில்லை. வழக்கமாகக் கடாவைப் பிடித்துப்போகிற கோனார்கூட வரவில்லை. மணியக்காரர் மட்டும் ஊர்ப் பொறுப்புக்காக நின்றிருந்தார். அவரிடம் எமனுடைய ஆள், இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தால் வாசலில் ஏறாதே என்று மேலே சொல்லிவிட்டார்கள், நாற்பத்தெட்டாவது தடவை, எனக்கும் மானம் இருக்கிறதய்யா என்று குறைப்பட்டுக்கொண்டார். பெயரும் ஊரும் சரியாக இருந்தால் போதும், வயசைப் பற்றி ஓலையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். மணியக்காரர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"குழல்வாய்மொழீ..."

பண்ணை வீட்டு நடையில் எண்பத்தெட்டு வயது அம்பலவாணப் பிள்ளை அங்கவஸ்திரத்தோடு நின்றார். எங்க வீட்ல அப்படி யாரும் கெடையாது என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. எமனுடைய ஆள் அதைப் பார்த்துவிட்டார். நாற்பத்தேழு வருஷத்தில் அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தார்கள். கடாவைத் தூணில் கட்டிவிட்டு வாசற்படிக்கு வந்து இரண்டாம் தரம் கூப்பிட்டார். கூடத்தில் தாயின் மடியில் இருந்த குழந்தை, யாரோ தன்னைக் கொஞ்சக் கூப்பிடுகிறார்கள் என்று தலையைத் திருப்பி, பொக்கை வாயைக் காட்டி, "ங்கே" என்றது.

அவர் படியில் கால் வைத்தார்.

"ஓய், நில்லும்" என்ற குரல் கேட்டது. பூவானியாள் அழிக்கம்பிக்குப் பின்னாலிருந்து எழுந்து, யாரும் கை கொடுக்காமல், கூடத்தைக் கடந்து, குழந்தையையும் தாயையும் தாண்டி, மகனையும் தாண்டி, நடையில் வந்து நின்றாள். பல்லக்கிலிருந்து இறங்கின நாளுக்கப்புறம் அந்தப் படியில் அவள் தனியாக வந்து நின்றது அன்றைக்குத்தான்.

"நீரு தேடுதது என்னயத்தான். நாந்தான் குழல்வாய்மொழி. மேலப்பூவானி சிவனணைஞ்ச பிள்ளை மக."

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தாய் சத்தியத்தைச் சொன்னதால் மகனுடைய நாக்கும் அந்த நேரத்தில் விடுபட்டது. அவர் தாயாரை ஏறிட்டுப் பார்த்தார்.

"எம்மா... ஒனக்கா அந்தப் பேரு? இத்தன வருசம் நான் இதே வாசல்ல நின்னு அப்படி யாரும் இல்லன்னு சொன்னனே."

"சொன்ன. நானும் உள்ள இருந்து கேட்டேன்."

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்யா" என்றாள் அவள். "எண்பத்தெட்டு வருசத்துல ஒருநாள்கூட நீ கேக்கல."

அம்பலவாணப் பிள்ளை படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு தெருவைப் பார்த்து, மூன்றாவது கூப்பாடு இன்னும் பாக்கி இருக்கிறது, அதை இந்த வெளியாள் வேண்டாம், உங்களில் யாராவது கூப்பிடுங்கள், கேட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்னாள். ஊர் முழுக்க நின்றது. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார், "அம்மா" என்றுதான் வந்தது. பேரன்மார் ஆச்சி என்றார்கள். மணியக்காரர் பண்ணையம்மா என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லாத நாக்குகளில் மரியாதை ஒட்டிக்கொண்டு அந்தப் பெயரை வெளியே விடவில்லை. ஆவுடைத்தங்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். ஐந்து மாதமாக நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகிய பெயர் அது, ஆனால் ஆச்சியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் அழுகைதான் வந்தது.

பூவானியாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அவளுக்கு வருத்தமாக இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. பிறகு எமனுடைய ஆள் பக்கம் திரும்பி, சரி, நீரே கூப்பிடும் என்றாள்.

அவர் ஓலையை எடுக்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷம் சொன்ன பெயர் அவருக்கு மனப்பாடம். ஆனால் இப்போது எதிரிலேயே ஆள் நின்றதால் கூச்சப்பட்டு, மெல்லிய குரலில், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"இதென்ன, ரகசியமா சொல்லுதீரு? நாலு தெருவுக்கும் கேக்கணும்" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமி, குடையைக் கீழே போட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, ஆற்றங்கரை மட்டும் போய்த் திரும்புகிற மாதிரி, "குழல்வாய்மொழீ..." என்று கூப்பிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி எழுத்து வரைக்கும் கேட்டாள்.

"வாரேன்யா, வாரேன். என்னத்துக்கு இப்படிக் கத்துதீரு" என்று சொல்லிக்கொண்டே, பாவாடையைச் சுருட்டுவது போலச் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படியை விட்டு இறங்கிப் போனாள்.